யாரு வந்திருக்கே?

அக்கா மகன் ஒரு கணினி விளையாட்டுத் தயாரிக்கிறான். கதை நடப்பது ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். முனியாண்டியிடம் அருள் வாங்கிய நாயகிக்கு ஒரு திறன் கிடைக்கிறது. அதைப் போட்டால் அவளைச் சுற்றி ஒரு வட்டம் விழும், பேய் பிசாசு உள்ளே வராது. திறன் பட்டியலில் அதற்கு 'எல்லைக்கட்டு' என்று பெயர். சண்டை நடக்கும்போது திரையில் 'திக்குக்கட்டு' என்று வருகிறது. பூசாரி பேசும் வசனத்திலோ 'காவல் வளையம்'. மூன்று பேர் மூன்று சமயத்தில் எழுதிய வினை. விளையாடிப் பார்த்த பிள்ளைகள் காவல் வளையம் எங்கே கிடைக்கும் என்று தேடி அலுத்துப் போனார்கள். அது முதல் கட்டத்திலிருந்தே அவர்கள் கையில்தான் இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் இலக்கணம் நடத்தியவள் என்பதால் புந்தோங்கில் என் வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்துவிட்டான். "சித்தி, எது சரியான பேரு? ஒன்னு சொல்லுங்க, மத்ததை அழிச்சிடறேன்." பிறகு நிரலைத் திறந்து காட்டினான். மூன்று பெயருக்கும் பின்னால் ஒரே எண்: 41. "மிஷினுக்குக் குழப்பமே இல்ல. பேருதான் மூணு, பொருள் ஒன்னு. இதான் அத்வைதம்."

அத்வைதம் அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் ஆதிசங்கரர் அத்தனை பாஷ்யம் எழுதியிருக்க மாட்டார் என்றேன்.

நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறியும் காரணப்பெயரும் தெரியும். ஜப்பான்காரர்களின் 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டில் நெருப்பு மந்திரம் மெரா, அதற்கு மேலே மெராமி, அதற்கும் மேலே மெராசோமா. மெரா இடுகுறி மாதிரி ஒலிக்கிறது. ஆனால் வால் நீள நீள உக்கிரம் கூடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆங்கிலத்தில் இதையே முதலில் பிளேஸ் என்றார்கள், பிற்பாடு ஃபிரிஸ் என்று மாற்றினார்கள். நெருப்பு அதே நெருப்புதான். இதற்கு நேர் எதிரானது 'ஃபைனல் ஃபேன்டசி'. 1990-இல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்து அதில் 'சிவா' என்று ஒரு பாத்திரம் உண்டு. பனியை ஏவும் நீலநிறப் பெண். பெயரை எடுத்துக்கொண்டார்கள்; சுடலையும் இல்லை, சூலமும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அவளை அழைக்கிறவர்கள் யாரும் கயிலாயத்தைப் பார்த்து அழைக்கவில்லையே.

பெயர் மாறியும் பொருள் நிற்கலாம், பெயர் நின்றும் பொருள் மாறலாம் என்றால், பெயரை எது பிடித்து நிறுத்துகிறது? நம் ஆட்கள் இதில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாரும் உண்டாக்கியதல்ல, என்றும் உள்ளது என்பது மீமாம்சகர் கட்சி. இல்லை, அது ஒரு சங்கேதம், இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் என்று வகுத்து வைத்தது என்பது நையாயிகர் கட்சி. திறன்களின் பட்டியல் என்றே எடுத்தாலும் அட்டமா சித்திகளைப் பாருங்கள். பதஞ்சலி 'அணிமா முதலானவை' என்று சொல்லி நகர்ந்துவிட்டார். எட்டையும் எண்ணிக் காட்டியது உரைகாரர் வியாசர். அவர் பட்டியலில் கரிமா கிடையாது. நாம் பள்ளியில் ஒப்பித்த பட்டியலில் கரிமா உண்டு. விஷ்ணு சகஸ்ரநாமத்தில் இன்னொரு வேடிக்கை: ஆயிரத்துக்குள் சில பெயர்கள் திரும்பவும் வரும். சங்கரரும் பராசர பட்டரும் அவற்றுக்கு இடத்துக்கு இடம் வேறு பொருள் சொல்லிச் சமாளித்தார்கள். என் அக்கா மகனுடைய குழப்பத்தைத் தலைகீழாகப் போட்டது மாதிரி.

எனக்கு நையாயிகர் பக்கம்தான் சாய்வு. அதற்குக் காரணம் புத்தகம் அல்ல, நான் பிறந்த தோட்டம்.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் அது. தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரம், அதுதான் முனியாண்டி. திருவிழா ராத்திரியில் உடுக்கை அடித்து வர்ணிப்பார்கள். கூட்டத்தில் யாருக்காவது உடம்பு முறுக்கும், பல்லைக் கடிப்பார், தலை சுழலும். பூசாரி உடனே காலில் விழுந்துவிட மாட்டார். எதிரில் நின்று, "யாரு வந்திருக்கே? பேரச் சொல்லு" என்பார். பதில் வராவிட்டால் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றுவார். செம்முனி என்று சொல்லும், இல்லை ஜடாமுனி என்று சொல்லும். முனிகள் ஏழு பேர் என்பதில் எல்லாருக்கும் ஒப்பு. அந்த ஏழு பேர் யார் யார் என்பதில் எங்கள் அம்மா சொன்ன கணக்கும் அடுத்த லயத்துக் கணக்கும் ஒத்துப் போகாது. அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. ஆனால் அந்த ராத்திரி செம்முனி என்று சொல்லி வந்தவர், நடுச்சாமத்தில் வாள்முனி மாதிரி பேசினால் தொலைந்தார். சாமி இல்லை என்று பூசாரி திருநீற்றைப் பூசி உட்கார வைத்துவிடுவார். ஊருக்கு ஊர் பட்டியல் வேறுபடலாம். ஒரு களத்துக்குள் கூப்பிட்ட பெயரும் வந்த ஆளும் மாறக் கூடாது. சங்கேதம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்: ஆகாயத்தில் எழுதி வைத்ததில்லை, அந்த மரத்தடியில் கூடியவர்கள் காப்பாற்றுவது.

அரசாங்கமும் ஒரு வகையில் பூசாரிதான், கற்பூரம் மட்டும் இல்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டே அடையாள அட்டையும் வந்தது. அதுவரை பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் கிராணி எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் கொடுத்த தாத்தா, அட்டை வந்த பிறகு ஒரே பெயருக்கு மட்டும் சொந்தக்காரர் ஆனார்.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சனம் கலைந்தது. முனியாண்டியைத் தாமான் என்கிற குடியிருப்பின் ஓரத்துக்குக் கொண்டுவந்து சிமெண்டுக் கோயில் கட்டினார்கள். இப்போது அவர் முனீஸ்வரர். சுருட்டும் சாராயமும் சேவலும் நின்று, சர்க்கரைப் பொங்கலும் அர்ச்சனையும் வந்தன. முன்பு இருட்டில் பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்குத் துணை போனவரிடம் இப்போது எஸ்.பி.எம். தேர்வுச் சீட்டை வைத்து வேண்டுகிறார்கள். பெயர் வேறு, படையல் வேறு, வேலையும் வேறு. அதே சாமிதானா? குருக்கள் முனீஸ்வரா என்று தொடங்கும்போது பக்கத்திலேயே ஒரு கிழவி, "முனியாண்டி அப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். கல் வந்ததால் அவர் வந்தார் என்று நான் நினைக்கவில்லை. அவள் வந்ததால் வந்தார். பனிப்பெண் சிவாவுக்கு அப்படி ஒரு கிழவி இல்லை.

அக்கா மகனுக்குத் தத்துவம் வேண்டாம், தீர்ப்பு வேண்டும். ஒரு விளையாட்டு ஒரு களம், அதற்குள் ஒரே பெயர்தான் என்றேன். 'காவல் வளையம்' என்று எந்தப் பூசாரியும் சொல்ல மாட்டார், தூக்கு. மற்ற இரண்டும் நிஜமான பெயர்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. திக்குக்கட்டு எட்டுத் திக்கையும் கட்டுவது. எல்லைக்கட்டு ஊருக்கும் தோட்டத்துக்கும் போடுவது, தரையில் நிற்பது. ஆளைச் சுற்றி ஆளோடு நகர்வது என்றால் பழைய ஆட்கள் உடல்கட்டு என்பார்கள்.

தலையில் கை வைத்துக்கொண்டான். 'எல்லைக்கட்டு' என்று குரல் பதிவே முடிந்துவிட்டதாம்.

கடைசியில் பெயரை விட்டுவிட்டுத் திறனைத் திருத்தினான். இப்போது வட்டம் தரையில் விழுந்த இடத்திலேயே நிற்கிறது. நாயகி வெளியே போனால் அவள் பாடு. யார் உள்ளே வந்தாலும் காவல் உண்டு. எண் 41, பெயர் எல்லைக்கட்டு, இரண்டும் அப்படியே இருக்கின்றன.

"அப்போ இது பழைய திறனா, புதுசா சித்தி?"

விளையாடுற பிள்ளைகளைக் கேள் என்றேன்.