கரண்டையளவுத் தண்ணீர்

ஆழமில்லாத பேச்சைக் குறைசொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மேம்போக்கு, மேலோட்டம், நுனிப்புல் மேய்வது, ஒப்புக்குச் சொல்வது. மனிதரைப் பற்றியென்றால் சரி. கண்மாயையும் அதே வாயால் குறைசொல்லும்போதுதான் மனம் ஒப்பவில்லை.

*

மதுரைப் பக்கம் தண்ணீரை உடம்பால்தான் அளக்கிறோம். கரண்டையளவு (கணுக்காலளவு), முழங்காலளவு, இடுப்பளவு, கழுத்தளவு. ஆடு மேய்க்கிற பெரியவர் கரையில் நின்று, “உள்ள எறங்குங்க தம்பி, கரண்டைத் தண்ணிதான் கெடக்கு” என்று சொன்னால் அதில் இளப்பம் துளியும் இல்லை. எங்கே கால் வைக்கலாம் என்று தெரிந்தவரின் சொல் அது.

*

லேசாகச் சரிந்த நிலம். குறுக்கே ஒரு மண்கரை. சரிவில் இறங்கும் மழைநீர் கரையில் முட்டி, பின்னோக்கிப் பரந்து நிற்கும். மாடக்குளம், வண்டியூர்க் கண்மாய்கள் இப்படி உண்டானவைதான். ஐப்பசி, கார்த்திகையில் பெருகும். கோடையில் தரை தெரியும்.

வயலுக்குத் தண்ணீர் மடை வழியே தானாக ஓடியாக வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு நின்றாலும் பாய்ச்சலுக்கு ஒரு சொட்டு வராது. சவடு மண்ணுக்காகக் கண்மாய்க்குள் தோண்டிய கிடங்குகளிலும் ஆழம் இருக்கிறது. குளிக்கப் போகும் பிள்ளைகளைக் காவு வாங்கும் ஆழம். அதைக் கண்மாயின் ஆழமென்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

*

நத்தைகுத்தி நாரை முழங்கால் நனைய நடக்கிறது. இரண்டு அலகும் நுனியில் சேர்ந்திருக்க, நடுவில் மட்டும் சிறு இடைவெளி. சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி ஒரு நத்தையை எடுக்கிறது. ஓடு கரையில் கிடக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் இந்தப் பறவைக்கு இரை இல்லை.

*

பரந்து, ஆழமில்லாமல் கிடப்பதைத் தூர்ப்பது சுலபம். கோடையில் பார்த்தால் வெறும் பொட்டல். மனை போடத் தோன்றும். உலகனேரிக் கண்மாய் கிடந்த இடத்தில்தான் 2004 முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயங்குகிறது. பரவ இடமில்லாத தண்ணீர் என்ன செய்யும்? 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பியது, பந்தல்குடி வாய்க்கால் பொங்கியது, தெருத்தெருவாகத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது.

*

உங்கள் ஊர்க் கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கினால், எத்தனை அடி தோண்டுகிறார்கள் என்று கேட்குமுன் மடை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சேர்ந்த வண்டல் வெளியேறினால் போதும். அந்த வண்டல் வயலுக்கு நல்ல உரம். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி விவசாயிகள் அதை இலவசமாகவே அள்ளிப்போகலாம்.