ஒளி: ஒன்றா, இரண்டா?

சாரற் பருவத்தில் குற்றாலத்துப் பேரருவியின் திவலைகளில் வெயில் படுங்கால் சிறு வானவில் தோன்றும். தென்காசியிலிருந்து குடும்பத்துடன் குளிக்கச் செல்வோர் கண்டு மகிழும் காட்சி அது. கண்ணாடிக் கோளமொன்றில் நீர் நிரப்பி, அதனைப் பெரியதொரு மழைத்துளியாகக் கொண்டு அந்நிறங்களை 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ. அவருக்கு வழிகாட்டியது இப்னுல் ஹைதம் அவர்களின் ‘கிதாபுல் மனாழிர்’.

ஒளி எவ்வாறு செல்கிறது என்பதை அப்பெரியோர் ஆராய்ந்தனர். ஒளி என்பது யாது என்னும் வினாவோ பிற்காலத்தாரைத் திணற வைத்தது. ஒளியுடன் ஒளி கூடினால் சிலவிடத்து இருள் பிறக்கும் என 1801இல் தாமஸ் யங் எடுத்துரைத்தார். குளத்தில் எறிந்த இரு கற்களின் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிப்பது போன்றதே இது. எனவே ஒளி அலை என்றாயிற்று. 1905இல் ஐன்ஸ்டைன், ஒளியின் ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாகவே கைமாறுகிறது என்றார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த விளைவும் அதற்கே வலுவூட்டிற்று. திரவத்தில் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது; பொட்டலத்தில் ஒரு பங்கை மூலக்கூறு எடுத்துக்கொள்வதே காரணம்.

அலையும் துகளும் ஒன்றாதல் எங்ஙனம்? பகுத்தறிவே பொய்த்தது, இனி எதையும் மறுக்கலாம் என்பார் ஒருசாரார். மறைவான விஷயங்களுக்கெல்லாம் விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என மேடையில் முழங்குவார் இன்னொரு சாரார். இருவரிடமும் நான் காண்பது அவசரமே.

‘செல்லும்போது அலை, சேரும்போது துகள்’ என்று பங்கிட்டுக் கொடுத்துவிடவும் இயலாது. ஒளியை மிகவும் மங்கச் செய்து, ஃபோட்டான் எனப்படும் பொட்டலங்களை ஒவ்வொன்றாக இரு பிளவுகளின் வழி அனுப்பிப் பார்த்துள்ளனர். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே விழுகிறது. ஆயிரமாயிரம் புள்ளிகள் சேர்ந்த பின்னரோ, அலைக்குரிய வரிகள் அங்கே தெளிகின்றன! துணையின்றித் தனித்து வந்தவை அவ்வொழுங்கை எவ்வாறு காத்தன?

மத்ரஸாவில் ஓதும் மன்திக் நூல்கள் எதிர்மையைப் பல வகைகளாகப் பிரிக்கும்; அவற்றுள் இரண்டை இங்கே கொள்வோம். ‘உண்டு’, ‘இல்லை’ என்பவை நகீள். அவை ஒருங்கே சேரவும் மாட்டா, ஒருங்கே நீங்கவும் மாட்டா. கருப்பும் வெள்ளையும் ளித்து. ஒரு துணி முழுவதும் கருப்பாகவும் வெள்ளையாகவும் இருத்தல் இயலாது, ஆயின் இரண்டுமின்றிச் சிவப்பாக இருக்கலாம். அலை, துகள் என்பவையும் இவ்விரண்டாம் வகையே. கடலையும் மணலையும் பார்த்து நாம் இட்ட பெயர்கள் அவை. ஆதலின் பிள்ளைகள் கேட்டால், ‘ஒளி இரண்டுமே’ என்பதைவிட, ‘இரண்டுமன்று’ என்று விடையளித்தலே பொருந்தும் என்பது என் கருத்து. அந்த மூன்றாவதற்கு அன்றாட மொழியில் பெயரில்லை. குவாண்டம் பௌதிகத்தில் கணக்கு உண்டு. நூற்றுக்கு எத்தனை புள்ளிகள் எவ்விடத்தில் விழும் என்பதை அக்கணக்கு மிகத் துல்லியமாகச் சொல்லும்; அடுத்த புள்ளி எங்கே விழும் என்பதைச் சொல்லாது.