மின்னல் மீது பழி

கொல்லிமலை அடிவாரத்திலே, புளியஞ்சோலை அய்யாற்றங்கரையில், சென்ற ஞாயிறன்று என்னோடு பணியாற்றும் மூத்த ஆசிரியர் ஒருவர் பையிலிருந்து வண்ணத்தாள் ஒன்றை எடுத்து விரித்தார். சென்னைப் புறநகரில் பன்மாடிக் கட்டிடம் எழுகிறது. அதன் ஆறாவது மாடியில் அவருக்கு ஒரு வீடு. இருபதாண்டுக் கடன்!

"வாஸ்துக்காரர் பார்த்துவிட்டார், தம்பி! வாயில் கிழக்கு, அடுப்பு தென்கிழக்கு. கையெழுத்திட நாளும் குறித்துவிட்டார்" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

"மண்ணைப் பார்த்தவர் யார், அண்ணே?" என்றேன்.

"எந்த மண்?"

"அந்த வீட்டைத் தாங்கப்போகிற மண்."

சிரித்தார். "அது கட்டுகிறவன் பாடு. ஒருவனை நம்பித்தானே ஆகவேண்டும்?"

நம்பித்தான் ஆகவேண்டும்! இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான், தோழர்களே, நான் பேச விரும்புகிறேன்.

மௌலிவாக்கம் நினைவிருக்கிறதா? 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. மழை. சென்னைப் போரூரை அடுத்த அந்த ஊரில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் மடமடவெனச் சரிந்தது. 61 பேர் மாண்டனர். அங்கே நின்றவை இரு கோபுரங்கள். ஒன்றின் பெயர் 'ஃபெய்த்'. மற்றொன்றின் பெயர் 'பிலீஃப்'. தமிழில் சொன்னால் இரண்டும் நம்பிக்கைதான்! இரண்டையும் சேர்த்து இட்ட பெயரோ 'டிரஸ்ட் ஹைட்ஸ்', அதுவும் நம்பிக்கையே! மூன்று நம்பிக்கைகளை அடுக்கியவர்கள், அடித்தளத்தை மறந்தார்கள்.

விழுந்த உடனே எழுந்த பேச்சு என்ன? மின்னல் தாக்கியது என்பது! என்ன வசதி! மின்னலுக்குக் கைவிலங்கு இல்லை, வழக்குமன்றம் இல்லை, வாய்தா இல்லை. பஞ்சம் வந்தால் கடவுள் கோபம், கொள்ளைநோய் வந்தால் அம்மன் கோபம் என்று பழகிய நாடல்லவா? கட்டிடம் விழுந்தால் வானத்தின் கோபம்! ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் வானத்தைக் குற்றவாளியாக்கவில்லை. கட்டியவர்களிடமே குற்றம் கண்டது. எஞ்சி நின்ற கோபுரமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

மாண்டவர் யார்? முன்பணம் தந்தவரா? பணம் பெற்றவரா? பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்! ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்தும் சிமெண்டு சுமக்க வந்தவர்கள். அந்த வீடுகளில் ஒன்றையேனும் வாங்கும் கனவுகூடக் காண இயலாதவர்கள்.

"என் பணம், என் நம்பிக்கை, உனக்கென்ன?" என்று கேட்பவருக்கு நான் காட்டுவது அந்த 61 பேரைத்தான். வீட்டுக்காரர் கேளாமல் விட்ட கேள்விக்கு, வீடே இல்லாதவன் உயிரைக் கொடுத்தான்.

ஏமாற்றியவன் குற்றத்தை ஏமாந்தவன் தலையில் கட்டலாமா? கூடாது. வாங்குபவர் பொறியாளர் அல்லர்; வாழ்நாள் உழைப்பை வைத்து இழந்தவர்; மௌலிவாக்கத்தில் அவர் கண்ணீரும் கண்ணீரே. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கேட்கத் தெரியாதவரா அவர்? அடுப்பு எந்த மூலை, தலைவைத்துப் படுப்பது எத்திசை என்று அங்குலம் அங்குலமாகக் கேட்கிறாரே! ஆறாவது மாடிக்குப் பசுவை ஏற்றுவது எப்படி என்றுகூடக் கவலைப்படுகிறாரே! கேள்விக்குப் பஞ்சமில்லை, கேட்கும் ஆள்தான் தவறு.

சட்டம் கைகொடுக்காமலும் இல்லை. 2016இல் இயற்றப்பட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, எழுதிப் பதிவுசெய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக்கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்கவேண்டும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர் தம் செலவில் சீர்செய்யவேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தைப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை, கருணையன்று. ஆயினும் சட்டம் ஏட்டில் இருக்கிறது. பஞ்சாங்கமோ நம் சட்டைப்பையில்!

இவ்வளவையும் ஆற்றங்கரையிலேயே சொன்னேன். மூத்தவருக்குச் சற்றுச் சினம்தான். "நீ இளைஞன், எதற்கும் கேள்வி" என்று தாளை மடித்துக்கொண்டார். ஆனால் செவ்வாயன்று, பள்ளி இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார்.

"மண் ஆய்வறிக்கை வேண்டுமென்று தொலைபேசியில் கேட்டேன், தம்பி."

"என்ன சொன்னார்கள்?"

"'இதுவரை யாரும் கேட்டதில்லையே, சார்' என்கிறார்கள்."