மெய்யெனத் தோன்றும் பொய்: இலக்கிய ஆய்வில் எண்ணியல் சான்றும் அறமும்

சிலப்பதிகாரப் பாண்டியன் சான்றே இன்றித் தீர்ப்பளிக்கவில்லை. அரசியின் சிலம்பு காணாமற்போயிருந்தது. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. இரண்டும் பொருந்தின. பரலைச் சோதித்ததோ கொலைக்குப் பின்னர். இல்லாத தொடர்பை உண்டெனத் துணியும் இத்தகைய பிழையைப் புள்ளியியலார் முதல் வகைப் பிழை என்பர்; உள்ளதைக் காணாது விடுவது இரண்டாம் வகைப் பிழை. நெய்மனும் எகான் பியர்சனும் 1933இல் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கோட்பாடு வகுத்தனர். முதல் வகைப் பிழையைத் தடுப்பதில் இலக்கிய ஆய்வாளரின் கடமை யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

சொற்சான்றும் தற்செயலும்

திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை, சொல்லாட்சிகளை நூல்களின் கால ஆராய்ச்சிக்குச் சான்றாகக் கொண்டார். அது நெடுங்கால வாசிப்பின் பயன். இன்று கணினி அத்தகைய ஒப்பீடுகளை நொடிப்பொழுதில் செய்கிறது. இடரும் அங்கேதான் தொடங்குகிறது. இரு நூல்களின் ஆசிரியர் ஒருவரே எனக் கொண்டு, உருபு, இடைச்சொல், சீரமைப்பு என இருபது கூறுகளைச் சோதிப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5 விழுக்காட்டுப் பிழைக்கு இடமளித்தால், அவை ஒன்றையொன்று சாராதவையாயின், ஒன்றிலேனும் பொய்யான வேறுபாடு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. அந்த ஒன்றை மட்டும் வெளியிடுபவர் பொய் எதுவும் கூறவில்லை; ஆயினும் படிப்பவர் பொய்யை நம்ப நேர்கிறது.

தடுக்கும் வழிகள்

போன்பெரோனி முறையில் பிழை எல்லை சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கப்படும். இருபது சோதனைகளுக்கு ஒவ்வொன்றிலும் 0.25 விழுக்காடே இடம். இக்கடுமை உண்மையான வேறுபாட்டையும் மறைத்துவிடலாம் என்னும் மறுப்பு நியாயமானது. பெஞ்சமினி, ஹாக்பெர்க் ஆகியோர் 1995இல் முன்வைத்த முறை, கண்டறிந்தனவாக அறிவிக்கப்படுவனவற்றுள் பொய்யானவற்றின் எதிர்பார்க்கப்படும் விகிதத்தைக் கட்டுப்படுத்துகிறது. இவற்றுள் எதனைக் கொள்வது என்பதைக் கணக்கு மட்டும் தீர்மானிக்காது. மேலாய்வுக்குரிய கூறுகளைத் தேடும்போது பின்னது போதும். தவறினால் மறுமுறை சோதிக்கலாம். ஒரு பாடலை ஒரு புலவரிடமிருந்து நீக்கும்போதோ முன்னதன் கடுமை வேண்டும். அப்புலவர் எழுந்து வழக்காட இயலாதவர். பிழை பாடநூல்களிலும் பதிப்புகளிலும் நிலைத்துவிடும்.

முடிவுரை

ஆகவே, சோதிக்கவிருக்கும் கூறுகளை முன்னரே வரையறுத்தல், பொருந்தாது போனவற்றையும் எண்ணிக்கையோடு வெளியிடுதல், கிடைத்த முடிவை வேறு பனுவல்களில் மீண்டும் சோதித்தல் ஆகிய மூன்றும் ஆய்வு நெறிகள் மட்டுமல்ல, ஆய்வறமும் ஆகும். சான்றின் வலிமை, அதனைப் பெற எத்தனை முறை தேடினோம் என்பதையும் பொறுத்தது.