தும்பிக்கை வைத்த லை

வெள்ளகோவிலில் மூடிக் கிடக்கும் ஓர் எண்ணெய் ஆலையின் தகரப் பலகையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: “ஏனுங்க தம்பி, எழுத்தே தெரியலீங்களே, இதையப் போயி படம் புடிக்கறீங்க?”

பாதி அழிந்திருப்பதுதான் என்னை அங்கே நிறுத்தியது. பளிச்சென்று இருந்திருக்கவேண்டிய சிவப்பு, மேற்கு வெயிலில் வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது. நீலம் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியிலிருந்து வேறொரு பெயர் எட்டிப் பார்க்கிறது. உச்சி வெயிலில் இதையெல்லாம் எடுத்தால் வெறும் தகரமாகத்தான் விழும். சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் படும்போதுதான் தூரிகை இழுத்த தடமும் துருவின் மேடும் நிழலோடு எழும்பி வரும். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1970-களில், தம் கடைசிக் காலத்தில், போலராய்டு கேமராவோடு தேடித் தேடி எடுத்ததும் இப்படிப்பட்ட தெரு எழுத்துகளைத்தான்.

பலகையின் உச்சியில் வளைவாக ‘வீரக்குமாரசாமி துணை’. அந்த ணையும், கீழே ‘ஆலை’யில் வரும் லையும் பழைய வடிவம், யானைத் தும்பிக்கைபோல் எழுத்தோடு ஒட்டியே மேலே வளைந்திருக்கும். ஈரோட்டுப் பெரியார் 1935-இலேயே ‘குடிஅரசு’ இதழில் கைவிட்ட வடிவங்கள் இவை. அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது 1978-இல், எம்.ஜி.ஆர். காலத்தில். அச்சுக்கோத்தவர்களுக்கும் எழுதப் பழகும் குழந்தைகளுக்கும் அது பெரிய உபகாரம், சந்தேகமில்லை.

பலகையின் அடி ஓரத்தைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிலிர்த்தது. ‘பெரியார் மாவட்டம்’ என்று இருந்தது. கோவை, பெரியார், ஈரோடு, திருப்பூர் என நான்கு மாவட்டப் பெயர்களைப் பார்த்த ஊர் இது. பெரியார் மாவட்டம் பிறந்தது 1979-இல். அப்படியானால் ஆணை வந்த பிறகு எழுதிய பலகை. சாக்பீஸ் தேய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, அந்த ஓவியர் பெரியார் பெயரையும் எழுதியிருக்கிறார், பெரியார் விட்டுவிட்ட லையையும் எழுதியிருக்கிறார். ஆணை அவர் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. இன்றைய ஃப்ளெக்ஸ் பேனரில் இப்படி எழுதிய கை எதுவும் இல்லை; அதனால்தான் அது கிழியுமே தவிர முதுமை அடைவதில்லை.

படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு டம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டு, பெஞ்சின்மேல் ‘ஆலை’ என்று எழுதினார், தும்பிக்கையோடு.

“எனக்கு இன்னைக்கும் இப்படித்தானுங்க வரும்.”