வேண்டுமென்றே செய்யவில்லை என்றால் போதுமா?

புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் அப்பா பழ லோரி ஓட்டினார். மழை விட்டதும் லயத்து மாடுகள் மண்சாலை வளைவில் வந்து படுத்துக்கொள்ளும். சீக்கிரம் காயும் மேடு அதுதான். ஒருநாள் அங்கே ஒரு கன்று பின்சக்கரத்தில் சிக்கிச் செத்துவிட்டது. அப்பா வேகமாக ஓட்டுகிறவர் அல்லர். "வேணும்னா செஞ்ச? மாரியம்மனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு விடுப்பா" என்றார்கள் எல்லாரும்.

அத்தோடு பாவம் கழிந்துவிடுமா?

பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் மகனும் வேண்டுமென்று தேரேற்றவில்லை. திருவாரூர் வீதியில் கன்று தானே துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அமைச்சர்கள் சாஸ்திரப்படி பிராயச்சித்தம் சொன்னார்கள். கன்றை இழந்து கதறும் பசுவின் நோவுக்கு அது மருந்தாகுமா என்று மன்னன் திருப்பிக் கேட்டான். மகன்மேலும் தேரேற்றுவது என்று அவன் விதித்த தண்டனையை என்னால் ஏற்க முடியவில்லை. அதைச் செய்ய மனமில்லாத அமைச்சன் தன் உயிரையே விட்டான், பிறகு மன்னனே தேரேற்றினான். சிவபெருமான் எல்லாரையும் எழுப்பியிராவிட்டால் அதை நீதி என்று யார் சொல்வார்? ஆனால் மன்னன் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி அமைந்ததுதான் நம் மலேசியத் தண்டனைச் சட்டமும். அதன் 39ஆவது பிரிவு 'வாலண்டரிலி' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது. இப்படி ஆகட்டும் என்று எண்ணிச் செய்வது மட்டுமல்ல, இப்படி ஆகக்கூடும் என்று தெரிந்தே செய்வதும், தெரிந்திருக்க நியாயம் இருந்தும் செய்வதும் அதில் அடக்கம். தக்க கவனத்தோடு முறையான வேலையைச் செய்யும்போது நேரும் விபத்தை 80ஆவது பிரிவு குற்றமாகக் கொள்வதில்லை. அப்பா சட்டம் படித்தவர் அல்லர். ஆனாலும், "மழ விட்டா மாடு அங்கதான் படுக்கும்னு எனக்குத் தெரியுமே" என்று அவரே சொன்னார்.

கன்று செத்த மறுநாளே அப்பா அதன் சொந்தக்காரியான மாட்டுக்காரம்மா வீட்டுக்குப் போய் நின்றார். "நீ வேணும்னா செஞ்ச? போ தம்பி" என்று அந்த அம்மா கன்றுக்குப் பணம் வாங்க மறுத்தார். அப்பா விடவில்லை, சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சமாகக் கொடுத்தே தீர்த்தார். மழை நாளில் அந்த வளைவு வந்தால் லோரியை நிறுத்தி, கூட வந்தவரை இறக்கி முன்னே நடக்கவிட்டார். அர்ச்சனையும் செய்தார், ஆனால் மாட்டுக்காரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான்.

எண்ணம் இல்லாதபோது குற்றம் குறையும் என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் இழந்தவருக்கு இழப்பு குறைவதில்லை. ஆகவே, தெரியாமல் செய்த பிழைக்குப் பரிகாரம் தேடுகிறவர்களே, அர்ச்சனைச் சீட்டு வாங்குமுன் இழந்தவர் வீட்டு வாசலுக்குப் போய் வாருங்கள்.