ஒளியும் ஒளியும் கூடி இருளாகுமோ?

அருளை ஒளியாகவும் ஆணவத்தை இருளாகவும் உவமித்தல் சைவசித்தாந்த மரபாம். ஒளி வர இருள் அகலும் என்பதை நம் மாணாக்கர் இளமை தொட்டே கேட்டு வருகின்றனர். அவரே மேல்வகுப்புச் சென்று, ஒளியோடு ஒளி கூடுமிடத்து இருளும் உண்டாம் எனப் பௌதிக நூலிற் படிக்கின்றனர். "ஆயின் நம் உவமை பொய்யோ?" என்று ஒருவன் வினவின், ஆசிரியர் யாது கூறக் கடவர்?

முதற்கண் நிகழ்வதை அறிவோம். ஒளி அலையியல்பினது எனத் தோமஸ் யங் என்பார் 1801இல் இலண்டன் றோயல் சங்கத்தில் எடுத்துரைத்தார். நெருங்கிய இரு நுண்பிளவுகளின் வழி வரும் அலைகளுள் முகடும் முகடும் பொருந்துமிடத்து ஒளி மிகும். முகடும் பள்ளமும் பொருந்துமிடத்து இருள் தோன்றும். பிளவு ஒன்றேயாயினும், அது மிக ஒடுங்கியதாயின், ஒளி பக்கங்களிலும் பரந்து வரைவரையாகத் தோன்றும். சாய்வாகப் படும் ஒளியில் அவ்வரைகள் இருபுறமும் ஒத்திரா என்பதை ஆராய்ந்து, சென்னை மாநிலக் கல்லூரி மாணாக்கராயிருந்த சி. வி. இராமன் 1906இல் வெளியிட்டார்.

இதனைக் காணப் பெருங்கருவி வேண்டா. நிவித்திகலத் தோட்டத்து லயத்துச் சிறுவனும், இரு விரல்களைத் தொட்டும் தொடாமலும் நெருக்கிக் கண்ணருகே பிடித்து விளக்கை நோக்குவானாயின், அவ்விடைவெளியில் நுண்ணிய கருவரைகளைக் காண்பான்.

இனி விடை கூறுவாம். அக்கருவரைகளில் ஒளி அழிந்திலது, அங்குக் குறைந்தது ஒளிவரைகளில் மிகுந்து நிற்கும், மொத்தம் குன்றாது. அன்றியும், அவ்விருள் ஒளியின்மை மாத்திரையே. ஆணவமோ இன்மையன்று; உயிரை மறைத்து நிற்கும் உள்பொருள் என்பது நம் துணிபு. உவமை, எடுத்துக்கொண்ட கூற்றளவிலேயே பொருந்தும்; முற்றும் பொருந்துமேல் அஃது உவமையாகாது, பொருளேயாய் முடியும்.

இவ்வாறு கூறாது, "இதனையும் நம் முன்னோர் அன்றே அறிந்தனர்" என்று அவன் வாயை அடைப்பாரும் உளர். அது தகாது. மிசன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், விஞ்ஞானத்தைத் தம் சமயத்துக்குச் சான்றாக இழுத்தோரை எம்போல்வார் மறுத்தோம். அதனையே நாம் செய்தல் நீதியாகுமோ? காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்துக் கொண்ட சமயம் நம்முடையது. காட்சிக்குரியதை உரையால் நாட்டுதலும், உரைக்குரியதைக் காட்சியால் நாட்டுதலும் அளவை நெறியன்று. விளக்கொளியைப் பற்றி ஆசிரியர் பொய்யுரைத்தாரெனப் பின்னாளில் உணரும் மாணாக்கன், சிவத்தைப் பற்றி அவர் உரைத்த மெய்யையும் ஐயுறுவான்.

ஆதலின், அவ்வினா எழுங்கால் சினவற்க. முதலில் அவனை விளக்கை நோக்கச் செய்க. கண்டதைக் கண்டவாறே சொல்லப் பழக்குக. பின்னர் உவமையின் எல்லையை உணர்த்துக. இதுவும் ஆசிரியர்க்குரிய சிவபணியேயாம்.